ஒரு வீட்டில் சைவமும் மீனும்: மூன்று வழிகளையும் முயன்று பார்த்தபின்

நான் முட்டைகூடச் சாப்பிடாதவன். மனைவி தூத்துக்குடிக்காரர், வாரத்தில் மூன்று நாளாவது மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது, சென்னையில் வாடகை வீடு. இதற்குள் மூன்று ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டோம்: வீட்டில் சைவம் மட்டும், தனித்தனிச் சமையல், ஒரே சமையலைக் கடைசியில் பிரிப்பது. மூன்றாவதுதான் எங்களுக்கு நிலைத்தது.

முதல் வருடம் இருந்த வீடு, 'சைவம் மட்டும்' என்று சொல்லி வாடகைக்கு விட்டது. வாடை இல்லை, பாத்திரத் தகராறு இல்லை. எனக்கு எல்லா விதத்திலும் வசதி. ஒரு ஞாயிறு மதியம் குப்பை போட வெளியே வந்தபோது, மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து மெஸ் பார்சலைப் பிரித்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதே என்றுதான். என்னைப் பார்த்ததும் இலையை மடக்கப் போனார். அன்று சாயங்காலமே வேறு வீடு தேட ஆரம்பித்தேன்.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குழம்பு, இரண்டு தொடுகறி, இரண்டு மடங்கு பாத்திரம். வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களால் முடியாது. இரண்டு மாதத்தில் விட்டுவிட்டோம்.

இப்போது செய்வது இதுதான். சோறு, ரசம், மோர், காய் எல்லாம் பொது. குழம்பும் பாதி வரை பொது. சின்ன வெங்காயம் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, தேங்காய் மசாலா அரைத்துவிட்டுக் கொதிக்கும்வரை ஒரே பாத்திரம். பச்சை வாசம் போனதும் பாதியை அவருடைய மண்சட்டிக்கு மாற்றிவிடுவோம். அதில் சாளையோ நெத்திலியோ விழும். என் பங்கில் முருங்கைக்காய், மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காய். மீன் வேகப் பத்து நிமிடம் போதும் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இறங்கும். மிக்சி ஜாரில் தேங்காய் மட்டுமே அரைபடுவதால் அதற்குத் தனி ஜார் வேண்டாம்.

இது ஓடுவதும் நிற்பதும் பாத்திரத்தைப் பொறுத்தது. இரண்டு பேருக்கும் எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும், காலையில் தோசையில் மீன் வாசம் வந்தால் அன்றைய நாள் கெட்டுவிடும். எல்லாவற்றையும் இரண்டாக வாங்க வேண்டியதில்லை. வாடையை உறிஞ்சுவது எது என்று பார்த்தால் போதும். எவர்சில்வர் உறிஞ்சாது, பொதுவாக வைத்துக்கொள்ளலாம். மண்சட்டியில் நுண்துளைகள் இருப்பதால் உறிஞ்சும். எண்ணெய் ஏறிப் பழகிய இரும்புக்கல்லும் அப்படித்தான். மீன் வறுத்த கல்லை வாடை போகத் தேய்த்தால் பழக்கிய பதமும் போய்விடும். அதனால் சட்டி, கல், காய் நறுக்கும் பலகை, பாத்திரம் தேய்க்கும் நார் நான்கும் தனி. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளியின் அமிலம் அதை அடக்கிவிடும். மீன் பாத்திரத்தைப் புளித்தண்ணீரில் ஊறவைப்பது அவருடைய அம்மா சொன்ன முறை. முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் ஊற்றினால் ஒட்டியது இறுகிவிடும்.

நாங்கள் தாமதமாகக் கண்டுபிடித்தது குக்கர் கேஸ்கட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நல்ல மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடுவதால் அவர் ஆட்டுக்கறிக்கு மாறுவார், குக்கர் வேலைக்கு வரும். எத்தனை தடவை கழுவியும் அடுத்த நாள் பருப்பில் கறி வாசம். பாத்திரத்தைச் சந்தேகப்பட்டு இன்னொரு குக்கர் வாங்கக் கிளம்பிவிட்டோம். அப்புறம்தான் ரப்பர் வளையத்தை முகர்ந்து பார்த்தேன். இப்போது ஒரே குக்கர், இரண்டு கேஸ்கட். அவருடையதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.

ஒரு குக்கரைப் பகிர்வதே கூடாது என்பவர்களுக்கு எங்கள் வழி சரிவராது. அவர்களுக்கு இரண்டாவது வழிதான் நிம்மதி. குழந்தை வந்தபின் எந்தச் சட்டியிலிருந்து ஊட்டுவது என்பதை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை, அதனால் அதற்கு என்னிடம் யோசனை இல்லை.

கருவாட்டுக்கு மட்டும் எந்த ஏற்பாடும் எடுபடவில்லை. அதன் வாடை சட்டியோடு நிற்காது, திரைச்சீலை வரை ஏறும். போன மாதம் பால்கனியில் ஒரு மின்அடுப்பு வைத்தோம். அவர் அங்கே வறுக்கும்போது நான் சமையலறையில் ரசத்துக்குத் தாளிப்பேன். வறுத்து முடித்ததும் தட்டோடு உள்ளே வந்துவிடுவார், ஒன்றாகத்தான் உட்காருகிறோம்.