காளான் பெயர் சொல்லும் ஆப்: காசு கொடுத்து வாங்கிப் பார்த்தேன்

பாகூர் பக்கம் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்த்து விற்கிறேன். ஐப்பசி மழை இறங்கியதும் வழக்கமான வாடிக்கையாளர்களோடு வேறு சிலரும் வருவார்கள். வார இறுதிக்குப் புதுச்சேரி வந்த பிள்ளைகள். கால் கிலோ சிப்பியைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, மேஜிக் மஷ்ரூம் கிடைக்குமா?" என்பார்கள். தின்றால் மனதை மயக்குகிற காளானைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இங்கே விளைவதெல்லாம் குழம்புக்கும் வறுவலுக்கும்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சமீபமாகக் கேள்வி மாறிவிட்டது. போனை நீட்டி, "இது அதுதானேக்கா? ஆப் சொல்லுது" என்கிறார்கள். சரி, அப்படி என்னதான் சொல்கிறது என்று அதே ஆப்பைச் சந்தா கட்டி வாங்கினேன். பெயர் வேண்டாம். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கிற ஆப் எதை எடுத்தாலும் இதில் பாதி பொருந்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் கொட்டகையில் உள்ளவற்றைத் தடுமாறாமல் சொன்னது. வெள்ளைச் சிப்பி, ரோஸ் சிப்பி இரண்டும் சரி. பால் காளானைக் கேலோசைபி இண்டிகா என்று முழுப் பெயரோடு சொன்னது. 1998இல் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்று வெளியிட்டதே, அந்த ரகம். வேகமும் குறையில்லை. சரித்திரப் பக்கமும் நன்றாக இருக்கிறது. மெக்சிகோவில் மரியா சபினா என்ற மசாதெக் பழங்குடி மூதாட்டி இந்தக் காளானை வைத்து நடத்திய சடங்கைப் பற்றி 1957இல் அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை வந்ததையும், மறு வருஷம் ஸ்விட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் அந்த ஊர்க் காளானிலிருந்து சைலோசைபின் என்ற மனமயக்கிப் பொருளைப் பிரித்தெடுத்ததையும் அழகாகத் தொகுத்திருக்கிறார்கள். மத்தியானத் தூக்கம் வராத நாளில் படிக்கலாம்.

கொட்டகையைத் தாண்டி வெளியே வந்ததும் வண்டவாளம் தெரிந்துவிடுகிறது. புற்றோரம் கூட்டமாய் முளைக்கும் அரிசிக் காளானைக் காட்டினால், பனி பெய்யும் ஊர்க் காளான்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறது. அதைக்கூட மன்னிக்கலாம். புல்தரைக் காளானில் செய்ததை மன்னிக்க முடியாது. மழைக்குப் பிறகு பக்கத்து மைதானத்தில் தட்டு அகலத்துக்குக் குடை விரித்து நின்றது. வெள்ளைத் தொப்பி, மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம். படம் எடுத்தேன். 'பாரசால், உண்ணத்தக்கது' என்று பச்சை டிக் போட்டது. பக்கத்தில் எண்பத்துச் சொச்சம் சதவீத நம்பிக்கை வேறு.

அந்தத் தொப்பியை வெட்டி, அடியில் மெல்லிய தகடுகளாய் இருக்கும் செவுள் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, டம்ளரைக் கவிழ்த்து மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் தாளில் அழுக்குப் பச்சையாக வித்துத்தூள் படிந்திருந்தது. செவுளின் கோடுகூட ஆரம் ஆரமாய் விழுந்திருந்தது. குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ். வெப்ப நாடுகளின் புல்தரைகளில் சாதாரணமாக முளைப்பது. தின்றால் சில மணி நேரத்திலேயே வாந்தி, பேதி பிடுங்கி எடுக்கும். சின்னப் பிள்ளைகள் என்றால் நீர் வற்றிச் சுருண்டுவிடுவார்கள். இளசாக இருக்கும்போது செவுளும் வெள்ளையாகவே இருப்பதால் படத்தைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. வித்துத்தூளின் நிறம் என்ன, முளைத்தது மண்ணிலா மரத்திலா சாணத்திலா என்று இந்த ஆப் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

இனி அந்தப் பிள்ளைகள் காட்டுகிற ஊதா முத்திரைக்கு வருகிறேன். 'மனமயக்கி' என்று ஒரே ஊதாவை ஆப் எல்லாவற்றுக்கும் குத்துகிறது. சாணத்தில் முளைக்கும் சைலோசைபி கியூபென்சிஸுக்கும் அதுதான். படக்கதைகளில் வருகிற, சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி போட்ட அமனிட்டா மஸ்கேரியாவுக்கும் அதுதான். இரண்டுக்கும் வேதியியலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முன்னதில் சைலோசைபின். பின்னதில் அது துளியும் கிடையாது. இபோடெனிக் அமிலமும் மஸ்கிமோலும் இருக்கின்றன. உடம்பில் வேலை செய்கிற விதமே வேறு, தொல்லையும் வேறு. இனோசைபி என்ற பேரினம் இன்னும் மோசம். அதில் ஓரிரு இனங்களில் சைலோசைபின் உண்டு. பெரும்பாலானவற்றில் இருப்பது மஸ்கரின் என்ற நஞ்சு. வியர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், நாடித்துடிப்பு குறையும். பேரினத்தை மட்டும் சொல்லி ஊதா முத்திரை குத்துவதில் என்ன பிரயோஜனம்?

ஒவ்வொரு இனத்துக்கும் கீழே 'வீரியம்: நடுத்தரம்', 'வீரியம்: அதிகம்' என்று ஒரு வரி வருகிறது. இதை எழுதியவர் ஒரு காளான் படுக்கைகூடக் கட்டிப் பார்த்திருக்க மாட்டார். ஒரே வித்துப் பொட்டலம், ஒரே வைக்கோல். அப்படியிருந்தும் முதல் அறுவடையும் மூன்றாவது அறுவடையும் என் கையில் ஒன்றுபோல வந்ததில்லை. வெளியே தெரிகிற அளவே இப்படி மாறும்போது, உள்ளே இருக்கும் ரசாயனம் மட்டும் சொன்னபடி கேட்குமா? அளந்து பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். காய்ந்த எடையில் கியூபென்சிஸில் சைலோசைபின் ஏறத்தாழ அரை முதல் ஒரு சதவீதம். அமெரிக்க மேற்குக் கரையின் சைலோசைபி அசுரசென்ஸில் 1.78 சதவீதம் வரை இருந்ததாக 1995இல் அந்த இனத்தை அறிவித்தவர்கள் எழுதினார்கள். இனத்துக்கு இனம் வித்தியாசம் என்பதோடு முடிவதில்லை. ஒரே இனத்தில் ஒரு காளானுக்கும் அடுத்ததற்கும் பல மடங்கு மாறும். பெயரைச் சரியாகவே கண்டுபிடித்தாலும் வீரியம் தெரியாது என்று பொருள்.

எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது அண்ணன் மகன் கொடைக்கானலில் எடுத்து வந்த ஒரு படம். பட்டுப்போன மரத்துண்டில் சின்னச் சின்னப் பழுப்புக் காளான்கள். "அத்தை, இதைப் போட்டுப் பாருங்க" என்றான். ஆப் கொடுத்த பட்டியலில் முதல் பெயர் ஏதோ ஒரு சைலோசைபி, ஊதா முத்திரையோடு. விரலால் தள்ளிக் கீழே போனால்தான் கேலரினா மார்ஜினேட்டா வருகிறது. அதில் இருப்பது அமடாக்சின். 'மரணத் தொப்பி' எனப்படும் அமனிட்டா ஃபல்லாய்டிஸில் உள்ள அதே நஞ்சு. கொதிக்க வைத்தாலும் காயவைத்தாலும் போகாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது; ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூடக் கழித்து வாந்தி பேதி தொடங்கும். அப்புறம் ஒரு நாள் தெளிந்ததுபோல இருக்கும். அந்த இடைவெளியில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்டதைப் பட்டியலின் அடியில் போடுகிற ஆப்பை வடிவமைத்தவருக்கு என்ன சொல்வது!

நசுக்கினால் நீலமானால் மேஜிக் மஷ்ரூம்தான் என்று ஒரு 'டிப்ஸ்' வேறு. சைலோசைபின் உடைந்து சைலோசினாகி, அது காற்றுப்பட்டு நீலமாவது உண்மை. போலீட் வகைக் காளான்கள் சிலவும் நீலமாகும். அதற்குக் காரணம் முற்றிலும் வேறு பொருள். நீலம் வந்ததால் நஞ்சு இல்லை என்று எந்தக் காளானும் எழுதிக் கொடுக்கவில்லை.

அவசர உதவி பொத்தானை அழுத்தினால் அமெரிக்க எண் வருகிறது. புதுச்சேரியில் இருப்பது போனுக்குத் தெரியும், ஆப்புக்குத் தெரியாது போல. நமக்கு வேண்டியது 108. எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இங்கே என்றால் ஜிப்மர். யாராவது எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி, தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிக் குழைந்துவிடும், யாராலும் இனம் காண முடியாது. லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சைலோசைபினோடு வலிப்பு வந்திருக்கிறது என்பதும், குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் ஆபத்து கூடுதல் என்பதும் ஆப்பில் எங்கேயும் இல்லை. சட்டத்துக்கு, 'உங்கள் ஊர் விதிகளைப் பாருங்கள்' என்று ஒரே வரி. நம் ஊர் விதி, 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம். அதன் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். வளர்ப்புக் காளானின் பெயர் தெரிந்துகொள்ளவும், பள்ளிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் படம் சேர்க்கவும் இலவசப் பதிப்பே போதும். காசு கட்டுவதாக இருந்தால் அந்தக் காசுக்கு ஒரு கைலென்ஸ் வாங்கலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதி முதலிலேயே ஆன் ஆகியிருக்கும். போன் செட்டிங்கில் சந்தாப் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள், ஆப்புக்குள்ளே தேடினால் கிடைக்காது.