பழைய கசட்டைக் கணினிக்கு மாற்ற டிவி-ஏவிஐயா, எம்பெக்-2வா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் 1990களில் பிடித்த காமன் கூத்து, திருமண வீடியோ கசட்டுகளைக் கணினிக்கு மாற்றுவோர் பலர், கேப்சர் (ஓடும் கசட்டைக் கணினியில் பதியும்) அமைப்பில் டிவி-ஏவிஐ (DV-AVI), எம்பெக்-2 (MPEG-2) என்ற இரு வீடியோக் கோப்பு வகைகளில் எதைத் தெரிவு செய்வதென்று தடுமாறுகிறார்கள். இரண்டிலும் இலங்கைக்குரிய பால் (PAL) தொலைக்காட்சி முறையை, அதாவது 720×576 அளவையும் வினாடிக்கு 25 பிரேமையும் (தனிப்படத்தையும்), முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

இடம்: ஏவிஐ மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும், எம்பெக்-2, வினாடிக்கு 8 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என வைத்தால், 4 ஜிபிக்குள் அடங்கும்.

வெட்டுதல்: டிவி-ஏவிஐ ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியே சுருக்குவதால் எங்கும் தயக்கமின்றி வெட்டலாம். எம்பெக்-2 பெரும்பாலும் 12 பிரேம்களை ஒரு தொகுதியாகக் கட்டி, இடையே மாற்றங்களை மட்டுமே சேமிப்பதால், தொகுதியின் நடுவே வெட்டினால் அவ்விடத்தை மறுபடி சுருக்க நேர்ந்து தரம் குறையும்.

ஒலி: இங்கேதான் நான் உறுதியாக ஏவிஐயின் பக்கம் நிற்கிறேன். அது ஒலியைச் சுருக்காமல் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் வைத்துக்கொள்ளும். எதைத் தெரிவு செய்தாலும், தப்புப் பறையின் முதல் அடி விழும் இடத்தை ஓட்டிப் பார்த்து, ஒலியளவைக் காட்டும் மீட்டர் -12 டெசிபல் அளவில் நிற்குமாறு உள்ளீட்டைக் குறையுங்கள். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு முழுமையாகச் சீராக்க முடியாது.

நறுக்கித் தொகுக்க வேண்டிய கூத்துக்கு ஏவிஐ. அப்படியே டிவிடியில் எழுதி உறவினருக்குக் கொடுக்கும் திருமணத்துக்கு எம்பெக்-2 போதும்.