கிளஸ்டரிலிருந்து ஒரு சர்வரை விலக்குவது: விசிஎஸ், பேஸ்மேக்கர், விண்டோஸ் – ஓர் ஒப்பீடு

மூன்று சர்வர்கள் கொண்ட ஒரு கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றொன்று அதன் வேலையை ஏற்கும் கூட்டு. மூன்றாவது சர்வரின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகிறது, அதை வெளியே எடுக்க வேண்டும். டேட்டாபேஸ் குரூப்பும் (குரூப் என்றால் ஒன்றாக நகரும் சேவைகளின் தொகுப்பு) அதன் மேல் ஓடும் ஆப் குரூப்பும் இனி மற்ற இரண்டில் இருந்தால் போதும். இந்த ஒரு கோரிக்கைக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. இப்போது அந்தச் சர்வரில் ஓடுவதை வேறிடத்துக்கு மாற்றுவது ஒன்று. இனி எந்த குரூப்பும் அங்கே போகாதபடி செய்வது இரண்டாவது. கிளஸ்டரின் உறுப்பினர் கணக்கிலிருந்தே அதை நீக்குவது மூன்றாவது.

பெரும்பாலானோர் முதல் வேலையை முடித்தவுடன் மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வேலைக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெரிட்டாஸ் கிளஸ்டர் சர்வர் என்ற விசிஎஸ் (இப்போது இன்ஃபோஸ்கேல் என்ற பெயரில் வருவது), லினக்ஸ் உலகின் பேஸ்மேக்கர், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டர் ஆகிய மூன்றும் அந்த நடு வேலையை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தாலே அவற்றின் குணம் தெரிந்துவிடும்.

பட்டியலில் இருப்பவரும் தடுக்கப்பட்டவரும்

விசிஎஸ்ஸில் ஒவ்வொரு சர்வீஸ் குரூப்புக்கும் சிஸ்டம்லிஸ்ட் என்ற பண்பு உண்டு. எந்தெந்தச் சர்வர்களில் அந்த குரூப் ஓடலாம், எந்த முன்னுரிமையில் ஓடலாம் என்பது அதில் 0, 1, 2 என்ற எண்களோடு எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத சர்வருக்கு அந்த குரூப் போகவே போகாது. பேஸ்மேக்கர் இதற்கு நேர் எதிர். வேறு எதுவும் சொல்லாதவரை, எந்த ரிசோர்ஸும் (கிளஸ்டர் நிர்வகிக்கும் சேவை) எந்த நோடிலும் (கிளஸ்டரில் உள்ள சர்வர்) ஓடலாம் என்றே அது எடுத்துக்கொள்ளும். முன்னது பெயர் எழுதி அழைப்பிதழ் வைத்த விருந்து. பின்னது ஊருக்கே திறந்த அன்னதானம், ஒருவர் வேண்டாம் என்றால் வாசலில் ஆள் நிறுத்தித்தான் தடுக்க வேண்டும்.

நடைமுறையில் இதன் விளைவு பெரிது. விசிஎஸ்ஸில் குரூப்பை வேறு சர்வருக்கு ஸ்விட்ச் செய்கிறோம், கான்ஃபிகரேஷனை எழுதும் நிலைக்குத் திறக்கிறோம், ஒவ்வொரு குரூப்பின் சிஸ்டம்லிஸ்டிலிருந்தும் அந்தச் சர்வரின் பெயரை டெலீட் செய்கிறோம், பிறகு டம்ப் செய்து (கோப்பில் எழுதி) மூடுகிறோம். நடுவிலிருந்த சர்வரை எடுத்தால் எண்கள் 0, 2 என்று இடைவெளியோடு நிற்கும். சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதால் அதில் கேடில்லை. அந்தச் சர்வரில் குரூப் ஆன்லைனில் இருந்தால், முதலில் அங்கே ஆஃப்லைன் செய்தாக வேண்டும். இந்தக் கட்டாயம் நல்லது என்றே நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் அடியிலிருந்து தரையை உருவ விடாது.

பேஸ்மேக்கரில் நீக்குவதற்கு எதுவும் இல்லை, சேர்க்கத்தான் வேண்டும். ஒவ்வொரு குரூப்புக்கும் இந்த நோடைத் தவிர் என்று லொகேஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போடுகிறோம். அதன் மதிப்பெண் மைனஸ் இன்ஃபினிட்டி, அதாவது முழுத் தடை. அடுத்த வாரம் யாராவது புதிய ரிசோர்ஸ் ஒன்றைச் சேர்த்தால், அதற்குத் தடை இல்லாததால் அது நேராக மூன்றாவது நோடில் போய் உட்காரலாம். விசிஎஸ்ஸில் புதிய குரூப்பை உருவாக்குபவர் அந்தச் சர்வரின் பெயரைத் தானே எழுதினால் ஒழிய அப்படி நடக்காது. சிம்மெட்ரிக் கிளஸ்டர் என்ற பண்பை ஃபால்ஸ் ஆக்கினால் பேஸ்மேக்கரும் பட்டியல் முறைக்கு வந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில், ஒரு சர்வரை எடுப்பதற்காக மட்டும் அதை மாற்றாதீர்கள். அனுமதி எழுதப்படாத ரிசோர்ஸ் எல்லாம் ஓட இடமின்றி நின்றுவிடும்.

குரூப்கள் ஒன்றை ஒன்று சார்ந்திருக்கும்போது பேஸ்மேக்கர் முந்துகிறது. ஆப் குரூப் டேட்டாபேஸோடு ஒரே நோடில்தான் இருக்க வேண்டும் என்று கோலொகேஷன் விதி இன்ஃபினிட்டி மதிப்பெண்ணோடு இருந்தால், டேட்டாபேஸைத் தடுத்தாலே ஆப் தானாக ஒதுங்கிவிடும். விசிஎஸ்ஸில் இதற்கு இணையான ஆன்லைன் லோக்கல் சார்பு இருந்தாலும், தாய் குரூப், சேய் குரூப் இரண்டின் பட்டியலையும் நாமே திருத்த வேண்டும். கூடவே, குரூப்பைத் தானாக எழுப்ப வேண்டிய சர்வர்களைச் சொல்லும் ஆட்டோஸ்டார்ட்லிஸ்ட்டும் உண்டு. அதில் வெளியேறும் சர்வரின் பெயர் மட்டும் இருந்திருந்தால், நீக்கிய பிறகு கிளஸ்டர் எழும்போது அந்த குரூப்பை யாரும் தானாக எழுப்பமாட்டார்கள்.

சோதித்துப் பார்க்கும் பழக்கம்

தடை போட்டாயிற்று, இனி அந்த நோடில் ஆரக்கிளை அன்இன்ஸ்டால் செய்யலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க. பேஸ்மேக்கர் தடுக்கப்பட்ட நோடிலும் ரிசோர்ஸ் ஓடுகிறதா என்று ஒருமுறை ப்ரோப் செய்யும். நோட் ரீபூட் ஆகி கிளஸ்டரில் சேரும்போதெல்லாம் இது நடக்கும். மென்பொருள் அங்கே இல்லையென்றால், நிலைப்பட்டியலில் பிழை வந்து நிற்கும். கன்ஸ்ட்ரெயின்ட்டில் ரிசோர்ஸ் டிஸ்கவரி நெவர் என்று சேர்த்தால்தான் அந்தத் தேடல் நிற்கும்.

விசிஎஸ்ஸும் பட்டியலில் உள்ள எல்லாச் சர்வர்களிலும் ப்ரோப் செய்யும் பழக்கம் உள்ளதுதான். ஆனால் சிஸ்டம்லிஸ்டிலிருந்து பெயர் போன கணமே அந்த குரூப்புக்கான கண்காணிப்பும் அங்கே முடிந்துவிடுகிறது. இரண்டு வாரம் கிளஸ்டரில் வைத்துக்கொண்டே, எந்த குரூப்பும் இல்லாமல் சர்வரைப் படிப்படியாகக் காலி செய்ய வேண்டும் என்றால் விசிஎஸ் முறை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

தற்காலிக வழிகளும் அவற்றின் எல்லையும்

பேட்ச் போட மட்டும் என்றால் பட்டியலைத் தொடவே வேண்டாம். பேஸ்மேக்கரில் ஸ்டாண்ட்பை, விண்டோஸில் ட்ரெயினோடு கூடிய பாஸ், விசிஎஸ்ஸில் எவாக்குவேட்டோடு சிஸ்டம் ஃப்ரீஸ் – மூன்றும் ஓடுவதை நகர்த்திவிட்டு, புதியது வராமல் தடுக்கும். இவற்றில் பேஸ்மேக்கரின் ஸ்டாண்ட்பைதான் எனக்குப் பிடித்தது. ஒரே கட்டளை, திரும்ப அழைக்கவும் ஒன்றே.

விசிஎஸ்ஸில் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்வதும் குரூப்பை ஃப்ரீஸ் செய்வதும் வேறு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. குரூப்பை ஃப்ரீஸ் செய்தால், அது எந்தச் சர்வரில் விழுந்தாலும் விசிஎஸ் கை வைக்காது. ஃபெயில்ஓவரே (வேறு சர்வருக்குத் தானாக மாறுவது) இல்லாத நிலை. நிரந்தர விலக்கத்துக்கு இதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துவது ஆபத்து. இன்னொன்று, ஸ்டாண்ட்பையில் இருக்கும் நோடும் பாஸ் ஆன நோடும் கோரத்துக்கு (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை வாக்கு) வாக்களித்துக்கொண்டே இருக்கின்றன. வேலை செய்யவில்லை என்பதால் அவை கணக்கில் இல்லை என்று ஆகாது.

மூன்று இரண்டாகும்போது

இரண்டே சர்வர்கள் மிஞ்சும் என்றால், அந்த இரண்டும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று துணையா என்று முன்பே சரிபார்க்க வேண்டும். மூன்று நோட் இருந்தவரை ஒளிந்திருந்த குறைகள் இங்கேதான் வெளியே வரும். பேஸ்மேக்கரில் எப்போதோ கொடுத்த மூவ் அல்லது பேன் கட்டளை விட்டுச்சென்ற தடை, இரண்டாவது நோடின் மேல் இன்னும் இருக்கலாம். மூன்றாவது நோட் இருந்ததால் அதுவரை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். பேஸ்மேக்கரை நிர்வகிக்கும் கட்டளைக் கருவியான பிசிஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் மூவ் தன் தடையைத் தானே அழித்துவிடுகிறது, பழையவற்றில் நாம் கிளியர் செய்ய வேண்டும். விசிஎஸ்ஸில் இதற்கு இணை, இரண்டாவது சர்வரில் ஃபால்டட் (பழுதானது) என்று நிற்கும் குரூப். கிளியர் செய்யும்வரை அங்கே ஃபெயில்ஓவர் நடக்காது.

அடுத்தது எண்ணிக்கை. இதில் பேஸ்மேக்கர் தெளிவாக வெல்கிறது. பிசிஎஸ் வழியாக நோடை ரிமூவ் செய்தால், மீதமுள்ள நோடுகளின் கோரோசிங்க் கோப்பை (உறுப்பினர் கணக்கு இருக்கும் கோப்பு) அதுவே திருத்தி, ஒன்று விழுந்தாலும் மற்றது கோரம் இழக்காதபடி செய்யும் டூ நோட் அமைப்பையும் போட்டுவிடும். கோப்பைக் கையால் திருத்துபவர்களுக்கு அந்த வசதி இல்லை. டூ நோட் இல்லாமல் விட்டால், இரண்டில் ஒன்று விழுந்ததும் மற்றது கோரம் இழக்கும். இயல்பான கொள்கைப்படி, நன்றாக ஓடிய சேவைகளையும் அது நிறுத்திவிடும். டூ நோட் வந்த பிறகோ ஃபென்சிங் (தொடர்பு இழந்த நோடை வலுக்கட்டாயமாக ஒதுக்குவது) வேலை செய்தே ஆக வேண்டும். வெளியேறிய நோடின் ஃபென்ஸ் சாதனத்தையும் நீக்கிவிட வேண்டும்.

விசிஎஸ்ஸில் இந்தப் பகுதி முழுக்க நம் பொறுப்பு. சர்வீஸ் குரூப்களிலிருந்து எடுத்து, அந்தச் சர்வரில் விசிஎஸ்ஸை நிறுத்தி, சிஸ்டத்தை டெலீட் செய்த பிறகும், மீதமுள்ள ஒவ்வொரு சர்வரிலும் சர்வர்களின் பட்டியலான எல்எல்டிஹோஸ்ட்ஸ் கோப்பில் அதன் வரியை எடுக்க வேண்டும், எத்தனை சர்வர்கள் வந்தபின் கிளஸ்டர் எழ வேண்டும் என்று சொல்லும் கேப்டேப் கோப்பில் உள்ள எண்ணை 3-இலிருந்து 2 ஆக்க வேண்டும். கோஆர்டினேஷன் பாயிண்ட் சர்வர் (ஃபென்சிங்கில் நடுவராக இருக்கும் தனிச் சர்வர்) வைத்து ஃபென்சிங் செய்திருந்தால் அங்கும் பெயரை நீக்க வேண்டும். கேப்டேப் எண்ணை மறந்தால் அன்று எதுவும் ஆகாது. மாதங்கள் கழித்து மின்வெட்டில் இரண்டு சர்வர்களும் சேர்ந்து எழும்போது, வராத மூன்றாவதுக்காக கேப் (விசிஎஸ்ஸின் உறுப்பினர் கணக்கைக் கவனிக்கும் பகுதி) காத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பதற்றத்தில் கையால் சீட் செய்யும் (காத்திருக்காமல் கிளஸ்டரைத் தொடங்கச் சொல்லும்) கட்டளையைக் கொடுக்கிறார்கள். மற்ற சர்வர் தனியே ஓடுகிறதா என்று பார்க்காமல் கொடுத்தால், இரு பக்கமும் ஒரே டிஸ்கில் எழுதும் நிலைக்கு அது கதவைத் திறந்துவிடும்.

விண்டோஸ் பற்றிச் சுருக்கமாக

விண்டோஸில் நடு வேலைக்கு இரண்டு அமைப்புகள் உண்டு, குழப்பமும் அங்கேதான். பிரிஃபர்டு ஓனர்ஸ் குரூப்பின் அளவில் இருப்பது, அது விருப்பம் மட்டுமே. அதில் டிக் எடுத்த நோடுக்கும் குரூப் போகலாம். உண்மையில் தடுப்பது ரிசோர்ஸ் அளவில் உள்ள பாசிபிள் ஓனர்ஸ். குரூப்பில் ஒரு ரிசோர்ஸில் நோடை எடுத்தாலே முழு குரூப்பும் அங்கே ஆன்லைன் ஆகாது. வாக்குக் கணக்கில் 2012 பதிப்பிலிருந்து டைனமிக் கோரம் உதவுகிறது, என்றாலும் இரண்டு நோடாகச் சுருங்கும்போது விட்னஸ் (கூடுதல் வாக்கு தரும் சாட்சி) கட்டாயம் வையுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் ஃபெயில்ஓவர் இன்ஸ்டன்ஸ் என்றால், நோடை எவிக்ட் செய்வதற்கு (கிளஸ்டரிலிருந்து நீக்குவதற்கு) முன் அதன் செட்டப் வழியாக ரிமூவ் நோட் ஓட்டிவிடுங்கள்.

எதைத் தேர்வது

குரூப்களிலிருந்து விலக்கும் வேலைக்கு மட்டும் என்றால் நான் விசிஎஸ் பக்கம். யார் எங்கே ஓடலாம் என்பது ஒரே வரியில் எழுதி இருக்கிறது, அந்த வரியைத் திருத்துகிறோம். கிளஸ்டரிலிருந்தே அகற்றுவதில் பேஸ்மேக்கர் நல்லது, கையால் தொட வேண்டிய கோப்புகள் குறைவு. ஏற்கெனவே எது ஓடுகிறதோ அதை மாற்றும் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் மாற்றக் கோரிக்கையில் எழுதும் நேரம் மாறும். விசிஎஸ்ஸுக்குக் கடைசிப் படியாக, மிஞ்சிய இரண்டு சர்வர்களையும் ஒருசேர நிறுத்தி எழுப்பும் சோதனைக்கும் நேரம் கேளுங்கள். கேப்டேப் சரியா என்பதை அது நேரடியாகக் காட்டும். பேஸ்மேக்கரிலும் அதைச் செய்யலாம். டூ நோட் அமைப்பில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்வரை ரிசோர்ஸ் எழாது என்பதை ஆப்பரேஷன்ஸ் குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.