ஒழுகும் மேல்தளம்: நீர்த்தடுப்புச் சீரமைப்புச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

படுக்கையறைக் கூரையின் மூலையில் முதலில் தென்பட்ட ஈரக்கறை உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதன் மீது இருமுறை வெள்ளையடித்தோம். பின்னர் ஒரு ஒப்பந்தக்காரரை அழைத்து மொட்டைமாடி முழுவதும் வெண்ணிறப் பூச்சு ஒன்றைப் பூசச் செய்தோம். அடுத்த மழைக்காலத்திலேயே அந்தப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கீழே கறை பாதிக் கூரைவரை பரவி, காரை உதிரத் தொடங்கியது. அதன் பிறகே, நீர்க்கசிவுச் சீரமைப்பை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்தோம். பணி முடிந்து ஒரு மழைக்காலம் முழுமையாகக் கடந்துவிட்டதால், இப்போது அதைப் பற்றி எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இத்தகைய நிறுவனங்களில் வேலையின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வீட்டுக்கு வந்து சேரும் குழுதான் என்பதால், பெயரைவிட என்ன செய்தார்கள், எதைச் செய்யத் தவறினார்கள் என்பதே வாசிப்பவருக்குப் பயன்படும்.

இந்தச் சேவையில் மனமாரப் பாராட்ட வேண்டியது முதல் நாள் ஆய்வு. வந்திருந்த மேற்பார்வையாளர் நேராக மாடிக்கு ஏறவில்லை. கறை மழைக்குப் பின் மட்டும் பெரிதாகிறதா, கோடையிலும் ஈரமாக இருக்கிறதா என்று முதலில் கேட்டார். கோடையிலும் ஈரம் காயவில்லை என்றால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும் என்றும், மழையோடு மட்டும் வந்து போகிறது என்றால் தளத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் விளக்கினார். எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லி, நீர்மானியின் முள் நகர்கிறதா என்று சிறிது நேரம் கவனித்தார். பிறகு கூரையைச் சுத்தியலின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். உறுதியான இடத்தில் எழும் ஒலிக்கும் காரை விட்டுப்போன இடத்தில் எழும் பொள்ளல் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை நாங்களே கேட்டு உணர முடிந்தது. கறையின் நடுப்புள்ளி இரண்டு சுவர்களிலிருந்து எவ்வளவு தொலைவு என்று அளந்து குறித்துக்கொண்டு, அதன்பின்னரே மேலே சென்று அதே அளவுகளை அங்கே வைத்துப் பார்த்தார்.

அளவுகள் காட்டிய இடத்தில் விரிசல் எதுவும் இல்லை. நீர் உள்ளே நுழைந்தது அங்கிருந்து சற்றுத் தள்ளி, மழைநீர்க் குழாயின் வாயும் தளமும் சேரும் இடத்தில். கான்கிரீட்டுக்குள் புகும் நீர் கம்பியை ஒட்டியும் நுண்விரிசல்களின் வழியாகவும் பக்கவாட்டில் நடந்து, தனக்கு எளிதான இடத்தில்தான் சொட்டும். ஆகவே கறைக்கு நேர் மேலே பூசிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்பவர் நம்முடைய பணத்தைத் தவறான இடத்தில் செலவிடுகிறார். எங்கள் தளத்தில் இன்னும் இரண்டு குறைகளை அவர் கண்டுபிடித்தார். கைப்பிடிச் சுவரின் அடியும் தளமும் சேரும் மூலை நெடுகப் பிளந்திருந்தது. தளத்தின் நடுவே வாட்டம், அதாவது நீர் வடிவதற்கான சரிவு, இல்லாமல் ஓர் இடத்தில் நீர் தேங்கியது. தேங்குவதை நாங்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் வெளியேறியாக வேண்டும். அதில் சிறு பகுதி தேங்கி நின்றாலும் தளம் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

முந்தைய பூச்சு ஏன் எழும்பியது என்பதற்கும் அன்று விடை கிடைத்தது. தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு, உள்ளே ஈரம் இருந்த தளத்தின் மீதே பூசியிருக்கிறார்கள். வெயிலில் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றிப் பூச்சை உந்தித் தூக்கியிருக்கிறது. அந்த வேலைக்கு நாங்கள் கொடுத்த தொகை முழுவதும் வீண். அதுமட்டுமல்ல, அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க இப்போது தனிக்கூலியும் கொடுக்க வேண்டியிருந்தது. மலிவாக முடிந்துவிடும் என்று நம்பிச் செய்த வேலையை அகற்றுவதற்கே பணம் கட்டிய அந்த நாளின் கசப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆய்வில் இவ்வளவு நுணுக்கம் காட்டியவர்கள் மதிப்பீட்டில் அதே நேர்மையைக் காட்டவில்லை. இந்த நிறுவனத்தின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுவே. எழுதிக் கொடுத்த தொகையைவிட இறுதிக் கணக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் வந்தது. பழைய பூச்சை அகற்றுதல், இடிபாடுகளைக் கீழே இறக்கி அப்புறப்படுத்துதல், கூரையின் அடியில் துருப்பிடித்த கம்பிகளைச் சீர்செய்தல் ஆகிய மூன்றும் கூடுதல் வேலைகளாகப் பின்னர் சேர்க்கப்பட்டன. பழுது பார்க்கும் வேலையில் உடைத்துப் பார்த்த பிறகே தெரியவரும் சேதம் இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய பூச்சு முதல் நாளே அவர்கள் காலடியில் கிடந்தது. பொள்ளல் ஒலி கேட்ட இடத்தில் கம்பி துருவேறியிருக்கும் என்பதை அந்த ஒலியை எங்களுக்குக் காட்டியவரே அறிவார். குறைந்தபட்சம், கம்பிச் சீரமைப்புக்குச் சதுர அடிக்கு எவ்வளவு என்று ஒரு விகிதத்தையாவது முன்கூட்டியே எழுதியிருக்கலாம். தளத்தைப் பாதி உடைத்துப் போட்ட நிலையில், வானம் கறுத்துக்கொண்டு வரும்போது நீட்டப்படும் கூடுதல் கணக்கை எந்த வீட்டுக்காரரால் மறுக்க முடியும்?

கம்பி வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் செலவு மிகுந்ததும் தவிர்க்க முடியாததும் அதுதான். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம்; காரத்தைக் குறிக்கும் பி.எச். அளவு அதில் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மீது ஒரு மெல்லிய காப்புப்படலம் நிலைத்திருப்பதால் துருப்பிடிப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக உள்ளே ஊடுருவ ஊடுருவ, காரம் குறைந்து பி.எச். 9-ஐ நெருங்கும்போது அந்தப் படலம் அழிந்துவிடும். அதோடு ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. எங்கள் கூரையில் காரை உதிர்ந்தது இதனால்தான். குழுவினர் தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் தெரியும்வரை செதுக்கினார்கள். கம்பியை உலோகத் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்த்தார்கள். துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான திரவத்தைப் பூசி, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக வைத்து அடைத்தார்கள். இந்தப் பகுதியைச் செய்த இரண்டு முதிய கொத்தனார்களின் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இந்த வேலையில் ஒரு படி தவறினாலும் அதே இடம் விரைவில் மீண்டும் உதிரக்கூடும்.

மேலே வாட்டம் கொடுத்த வேலையும் சரியாகவே நடந்தது. 100-க்கு 1 என்ற அளவில், அதாவது 10 மீட்டர் நீளத்திற்கு 10 சென்டிமீட்டர் சரிவு இருக்குமாறு ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பூசினார்கள். ஆனால் புதிய கலவைக்கு ஏழு நாட்கள் தண்ணீர் கட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொன்னதை, மூன்றாம் நாளே போதும் என்று குழுவினர் முடிக்கப் பார்த்தார்கள். மீதி நாட்களுக்குக் காலையும் மாலையும் நாங்களே ஈரச் சாக்குகளை விரித்து நனைத்தோம். பணம் வாங்கிய வேலையில் ஒரு பகுதியை வீட்டுக்காரரின் அக்கறைக்கு விட்டுவிடுவது முறையல்ல.

பூச்சுக்கு முன்னர், சுவரும் தளமும் சேரும் மூலைகளில் செங்கோணத்தை மறைத்துச் சரிவாகக் கலவை வைத்து, அதன்மேல் நார்வலையைப் பதித்தார்கள். 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் தளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். இந்த அசைவைத் தாங்கும் நெகிழ்வு பூச்சுக்கு இல்லையென்றால் முதலில் கிழிவது மூலைதான். பூச்சு இரண்டு கைகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்கப்பட்டது. அதன் தடிமனை நம்மால் அளக்க முடியாது. ஆகவே ஒரு வாளிக்கு எத்தனை சதுர மீட்டர் வரும் என்று அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, எங்கள் பரப்புக்கு எத்தனை வாளிகள் தேவை என்று கணக்கிட்டு, காலியான வாளிகளை எண்ணினேன். ஒரு வாளி குறைந்தது. கேட்டவுடன் மறுபேச்சின்றி மற்றொரு கை அடித்துக் கொடுத்தார்கள், கேட்காவிட்டால் கிடைத்திருக்காது.

தொகையின் கடைசிப் பகுதியை நீர் கட்டிச் சோதித்த பிறகே தருவோம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கியிருந்தோம். இதற்கு அவர்கள் எளிதில் இசையவில்லை. இரண்டு நாள் வாதாட வேண்டியிருந்தது. வடிகால் வாய்களை அடைத்து 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினோம். சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை ஏறும் என்பதால், தளம் தாங்கும் என்று மேற்பார்வையாளர் உறுதி சொன்ன பின்னரே இதைச் செய்தோம். 48 மணி நேரம் என்று திட்டம். இரண்டாம் நாள் விடியற்காலையில், குழாய் வாயைச் சுற்றிக் கூரையின் அடியில் மெல்லிய ஈரம் தெரிந்தது. ஒரு மாதமாகத் தூசியிலும் சத்தத்திலும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்த குடும்பத்துக்கு அந்த ஈரத்தைப் பார்த்தபோது ஏற்பட்ட சோர்வைச் சொல்லி முடியாது. ஆனால் நிறுவனம் இந்த இடத்தில் பொறுப்புடன் நடந்துகொண்டது. அன்றே வந்து, குழாய் வாயைச் சுற்றி மீண்டும் உடைத்து, புதிதாக அடைத்துப் பூசி, உலர விட்டு, இரண்டாம் முறை நீர் கட்டிக் காட்டியது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. சோதனைக்காக நிறுத்திவைத்த தொகை இல்லாவிட்டால் இந்த விரைவு இருந்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்பது நாட்களில் முடிப்பதாகச் சொன்ன வேலை 31 நாட்கள் நீண்டது. கலவை ஆறுவதற்கும் தளம் உலர்வதற்கும் தேவைப்பட்ட நாட்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றைக் கணக்கில் எடுத்தால் ஒன்பது நாட்கள் என்பது தொடக்கத்திலேயே நடவாத வாக்கு. மேலும் எட்டு நாட்கள் யாருமே வரவில்லை, வர மாட்டோம் என்ற தகவலும் இல்லை. பணிக்குச் செல்பவர்கள் வீட்டில் ஒருவரைக் காத்திருக்க வைத்து விடுப்பு எடுக்கும் இழப்பு எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை.

உத்தரவாதப் பத்திரத்தில் பெரிய எழுத்தில் பத்து ஆண்டுகள் என்றிருக்கிறது. உள்ளே படித்தால், அது பூச்சுப் பொருளுக்கு மட்டுமே, கூலிக்கு இல்லை. தளத்தில் யாரேனும் துளையிட்டாலும் ஆண்டுதோறும் ஆய்வுக்கு அழைக்கத் தவறினாலும் அது செல்லாது. கையொப்பமிடும் முன் இதைப் படிக்காதது எங்கள் தவறு, வாய்மொழியாகச் சொல்லும்போது இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டது அவர்கள் தவறு.

சென்ற மழைக்காலத்தில் பலத்த மழை பெய்த நாட்களில் எல்லாம் இரவில் எழுந்து கூரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருக்கிறது. மேலே நீர் தேங்கும் இடமும் இப்போது இல்லை. அறையின் கூரைக்கு இறுதி வண்ணம் பூசித் தருவதாக ஒப்புக்கொண்ட வேலை மட்டும் மூன்று நினைவூட்டல்களுக்குப் பிறகும் நிலுவையில் உள்ளது. சமையலறைச் சன்னலின் அடியில் சுவர் உப்புப் பூத்திருப்பதைப் பார்ப்பதற்கு அதே மேற்பார்வையாளரை மீண்டும் அழைத்திருக்கிறேன். இம்முறை ஆய்வுக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து, அகற்றும் கூலி முதல் இடிபாடு இறக்கும் கூலி வரை ஒவ்வொன்றுக்கும் விகிதம் எழுதி வாங்கிய பின்னரே வேலையைத் தொடங்கச் சொல்வேன்.