கையை விட்டுவைக்கும் மருந்து எது: ஹாலோபெரிடால் முதல் குளோசபின் வரை

முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் என் சித்தி மகளுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்தபோது, முதலில் எழுதித் தரப்பட்டது ஹாலோபெரிடால். 1958இல் உருவான, விலை மலிவான அந்த மாத்திரை, அவள் காதில் ஒலித்த குரல்களைச் சில வாரங்களில் அடக்கியது. ஆனால் மடியில் தட்டை வைத்து, இலையில் தூளைப் பரப்பி உருட்டி, முனையை மடக்கும் நேரத்தில் விரல்கள் நடுங்கித் தூள் சிந்தியது.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் மருந்தால் அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது. 80 சதவீதத்தை நெருங்கினால் நடுக்கமும் விறைப்பும் வருகின்றன. ஏற்பிகளை இறுகப் பற்றும் ஹாலோபெரிடாலில் அந்தக் குறுகிய இடைவெளியைத் தாண்டிவிடுவது எளிது.

நடுக்கமாவது கண்ணுக்குத் தெரியும். அதே மருந்து தரும் இருப்புக்கொள்ளாத தவிப்பை நோயென்றே நினைத்துவிடுவோம். "உக்காந்தா காலு நிக்க மாட்டேங்கு யக்கா" என்று அவள் தார்சாவுக்கும் அடுக்களைக்குமாக இரவெல்லாம் நடந்ததை நோய் முற்றியதாக நாங்கள் போய்ச் சொல்ல, மருந்தின் அளவு கூட்டப்பட்டது, தவிப்பும் கூடியது. நடுக்கத்துக்கு உதவும் டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரை இந்தத் தவிப்பைப் பெரும்பாலும் தணிப்பதில்லை. வாய் உலர்வும் மலச்சிக்கலும் மறதியும் வேறு தரும். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, அல்லது இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பிராப்ரனலால் மாத்திரையைச் சேர்ப்பதே இதற்கு வழி.

அடுத்து வந்த புதிய மருந்துகளில் ரிஸ்பெரிடோன் குறைந்த அளவில் கையை அதிகம் தொடாது. நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் ஹாலோபெரிடாலின் குணம் தலைகாட்டும். அதற்குக் குறைந்த அளவிலும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். ஒலான்சபின் நடுக்கத்தைக் குறைவாகவே தரும். ஆனால் பசியையும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், நாள் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்பவளுக்கு இது சிறிய காரியம் அல்ல. கைகால்களுக்கு மிகச் சாதுவானது குளோசபின். வெள்ளணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால் முதல் சில மாதங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதால், வேறு இரண்டு மருந்துகள் பலிக்காதபோதே தருகிறார்கள்.

ஆண்டுகள் கழித்து நாக்கும் உதடும் தாமாக அசையத் தொடங்கும் கோளாறு, மருந்தை நிறுத்திய பின்னும் நீடிக்கலாம். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் ஆண்டுக்கு நூறில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வரும் இது, புதியவற்றில் குறைவு. சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தில் ஒலான்சபினே மேல் என்று நான் நினைப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

மருத்துவர் மாற்றித் தந்த ஒலான்சபினை அவள் இப்போது இரவில் சாப்பிடுகிறாள். எந்த மாத்திரையையும் நாங்களாக நிறுத்தவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் சர்க்கரையும் பார்க்கிறோம், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கு அசையாமல் கிடக்கிறதா என்றும் பார்க்கிறோம். முனை மடக்கும்போது இப்போது தூள் சிந்துவதில்லை.