விஷுவல் கோபோலில் டைரக்டிவ்: எதை எங்கே போடுவது?

கம்பைலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அமைப்பு, அதாவது மற்ற கம்பைலர்களில் 'ஆப்ஷன்' என்பதை, விஷுவல் கோபோல் 'டைரக்டிவ்' என்கிறது. கோபோல் மொழியில் புரோகிராம் எழுத மைக்ரோ ஃபோகஸ் உருவாக்கிய கருவி இது. 2023-இல் ஓப்பன்டெக்ஸ்டிடமும் 2024-இல் ராக்கெட் சாஃப்ட்வேரிடமும் கை மாறியது. விஷுவல் ஸ்டுடியோவுக்கு ஒன்று, எக்லிப்ஸுக்கு ஒன்று என இரண்டு வடிவங்களில் வருகிறது. எடிட்டரும் டிபக்கரும் நன்றாகவே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். டைரக்டிவ் அமைக்கும் வசதி எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

டைரக்டிவ் கொடுக்க முக்கியமாக மூன்று இடங்கள் உண்டு. புராஜெக்ட் புராபர்ட்டீஸில் கோபோல் பக்கம் முதலாவது. டயலக்ட் (எந்த வகைக் கோபோல்), சோர்ஸ் ஃபார்மட் (வரியில் எதை எங்கே எழுதுவது), கேரக்டர் செட் (எழுத்துக் குறியீடு) மூன்றுக்கும் அங்கே பட்டியல் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். மீதியெல்லாம் 'அடிஷனல் டைரக்டிவ்ஸ்' பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டும். அடுத்தது ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, அதன் புராபர்ட்டீஸில் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் மாற்றுவது. கடைசியாக, சோர்ஸின் தலைப்பிலேயே எழுதும் $செட் வரி. புராஜெக்டை ஃபைல் வெல்லும், இரண்டையும் $செட் வெல்லும்.

இந்த அடுக்கு முறை நல்லதுதான். ஒரே புராஜெக்டில் மெயின்ஃப்ரேமிலிருந்து வந்த ஐம்பது புரோகிராம்களையும் புதிதாக எழுதிய பத்தையும் சேர்த்து வைக்க முடிகிறது. ஆனால் ஃபைல் அளவு மாற்றங்கள் சோர்ஸில் இருப்பதில்லை. விஷுவல் ஸ்டுடியோவில் அவை .சிபிஎல்புராஜ் ஃபைலுக்குள், எக்லிப்ஸில் .கோபோல்புராஜ் ஃபைலுக்குள் போய் உட்காரும். சோர்ஸை மட்டும் வேறு புராஜெக்டுக்கு நகல் எடுத்தால் அவை கூட வராது. டேட்டாவின் அமைப்பையே மாற்றும் டைரக்டிவ் என்றால் $செட்டாக எழுதிவிடுவதே பாதுகாப்பு.

அப்படிப்பட்டவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது ஐபிஎம்காம்ப்: 'காம்ப்' என்ற பைனரி எண் ஃபீல்டுகளுக்கு ஐபிஎம் மெயின்ஃப்ரேம் முறையில் இடம் ஒதுக்கச் சொல்வது. அது இல்லாதபோது 'பிக் எஸ்9(5) காம்ப்' (குறியுடன் ஐந்து இலக்க எண்) 3 பைட் எடுக்கும், அது இருந்தால் 4 பைட். ரெக்கார்டின் நடுவில் இப்படி ஒரு ஃபீல்ட் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகும். கம்பைலர் முணுமுணுக்கக்கூட மாட்டாது. அழைக்கும் புரோகிராம் ஒரு விதமாகவும் அழைக்கப்படுவது இன்னொரு விதமாகவும் கம்பைல் ஆகியிருந்தால் லிங்கேஜ் செக்ஷனில் (அழைத்த புரோகிராம் அனுப்பும் டேட்டா வரும் இடம்) குப்பை வரும். ட்ரங்க்கும் இதே ரகம்: காம்ப் எண்ணை பிக்கில் சொன்ன இலக்கங்களுக்குள் வெட்டுவது அது, வெட்டாமல் விடுவது நோட்ரங்க். 'பிக் 9(4) காம்ப்' ஃபீல்டுக்கு 12345-ஐ நகர்த்தினால் ட்ரங்க்கில் 2345 நிற்கும், நோட்ரங்க்கில் 12345 அப்படியே நிற்கும். கேரக்டர் செட்டை எப்சிடிக் (மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடு) ஆக்கினால் ஒப்பிடும் வரிசை மாறும்: ஆஸ்கியில் எண்கள், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எப்சிடிக்கில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, கடைசியில் எண்கள். சார்ட் செய்த ஃபைலை வரிசையாகப் படித்து மேட்ச் செய்யும் புரோகிராம் இதில்தான் தடுக்கி விழும்.

டயலக்டைத் தேர்ந்தெடுத்தால் அதனுடன் ஒரு கூட்டம் டைரக்டிவ்களும் மாறும். டைரக்டிவ்கள் இடமிருந்து வலமாகச் செயல்படுவதால், நோட்ரங்க் எழுதிவிட்டு அதன் பின்னால் டயலக்டை எழுதினால் முன்னது அழிந்துபோக வாய்ப்புண்டு. டயலக்ட் முதலில், விதிவிலக்குகள் பிறகு.

சோர்ஸ் ஃபார்மட்டில் இரண்டு பக்கமும் பள்ளம். 'ஃபிக்ஸ்ட்' ஃபார்மட்டில், ஒரு வரியின் 73-ஆம் காலத்திலிருந்து (எழுத்து இடத்திலிருந்து) எழுதியதைக் கம்பைலர் பார்க்காது. ஒரு இஃப் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி 73-இல் விழுந்தால், அந்த இஃப் அடுத்த வாக்கியத்தையும் விழுங்கிக்கொண்டு சுத்தமாகக் கம்பைல் ஆகிவிடும். 'வேரியபிள்' ஃபார்மட்டில் இதற்கு நேர்மாறு: 73 முதல் 80 வரை அடையாள எண் உள்ள பழைய ஃபைலில் அந்த எண்களையும் புரோகிராமின் பகுதியாகப் படித்து, எர்ரர் மழை பொழியும். இந்த மழையாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. ஃபைலை 'ஃப்ரீ' ஃபார்மட்டுக்கு (காலக் கட்டுப்பாடு இல்லாதது) மாற்றும் $செட் வரியைக்கூட, ஃபிக்ஸ்டில் தொடங்குகிறது என்றால், $ 7-ஆம் காலத்தில் வரும்படிதான் எழுத வேண்டும்.

'டிடெர்மின் டைரக்டிவ்ஸ்' என்ற வசதி சோர்ஸைப் படித்துப் பார்த்து டயலக்ட், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்), சிஐசிஎஸ் (மெயின்ஃப்ரேம் ட்ரான்சாக்ஷன்) போன்றவற்றை ஊகித்து ஃபைல் அளவில் அமைத்துவிடும். புதிதாக இறக்குமதி செய்த சோர்ஸுக்கு அருமையான தொடக்கம். ஆனால் மொத்தப் புராஜெக்டிலும் ஓட்டினால் ஃபைலுக்கு ஃபைல் தனி அமைப்பு குவியும். பின்னால் புராஜெக்ட் டயலக்டை மாற்றினாலும் அவை அசையாது. ஓட்டியதும் பொதுவானவற்றைப் புராஜெக்டுக்கு ஏற்றி, ஃபைலில் இருப்பதை நீக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

விஷுவல் ஸ்டுடியோவில் டிபக், ரிலீஸ் என்ற இரண்டு கான்ஃபிகரேஷன்களுக்கும் அமைப்பு தனித்தனி. டிபக் தேர்வில் இருக்கும்போது ஐபிஎம்காம்ப் சேர்த்துவிட்டு ரிலீஸை மறந்தால், சோதனையில் சரியாக ஓடியது வெளியில் போனதும் உளறும். இரண்டுக்கும் வேறுபட வேண்டியவை பவுண்ட் போன்ற சோதனை டைரக்டிவ்கள் மட்டுமே. பவுண்ட் இருந்தால் டேபிள் எல்லை தாண்டும்போது 153 எர்ரருடன் நிற்கும். இல்லாவிட்டால் பக்கத்து மெமரியில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இவ்வளவு அடுக்குகளை வைத்த கருவி, கடைசியில் எது ஜெயித்தது என்பதைப் புராபர்ட்டீஸ் பக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டாமா? $செட்டில் இருப்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. லிஸ்டிங் ஃபைல் உருவாக்கும் தேர்வைப் போட்டு, செட்டிங்ஸ் என்ற டைரக்டிவைச் சேர்த்துக் கம்பைல் செய்தால் நடப்பில் உள்ள மதிப்புகள் அனைத்தும் லிஸ்டிங்கில் வரும். இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை என்றால், புரோகிராமைத் தோண்டுவதற்கு முன் அந்த இரண்டு லிஸ்டிங்குகளையும் ஒப்பிட்டு (டிஃப் போட்டு) பாருங்கள்.