அக்கி வந்த அம்மா, ஊசி போடாத பிள்ளை: கீழே அனுப்புவதா, கூடவே வைத்துக்கொள்வதா?

விலாவில் ஒரு பக்கமாக எரிச்சல், இரண்டு நாளில் கொத்தாக நீர்க்கொப்புளம். குன்னூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஒரு தாய்க்கு இப்படி வந்துவிட்டால், வலியைப் பற்றி அப்புறம்தான் பேச்சு. “பிள்ளையத் தூக்காத, மலைக்குக் கீழ அனுப்பிடு” என்பார் மாமியார். “அக்கி எழுதிட்டா அடங்கிடும்” என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பிள்ளைக்கோ ஒன்றரை வயது, முந்தானையை விடாது.

அக்கி அக்கியாக யாருக்கும் ஒட்டாது. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல வருஷம் ஒடுங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளரும் நேரத்தில் ஒரு நரம்பின் வழியே வெளியே வருவதுதான் அது. அந்தக் கொப்புளத்து நீர், அம்மையும் வராத, சின்னம்மைத் தடுப்பூசியும் போடாத பிள்ளைமேல் பட்டால் சின்னம்மை வரலாம். அக்கி வந்தவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்கு அம்மை போடுவதை ஹங்கேரி மருத்துவர் போகாய் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கவனித்துச் சொல்லிவிட்டார். ஆக, மாமியாரின் பயம் நியாயமானது. அவர் சொல்லும் வழிதான் இடிக்கிறது.

மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ பாட்டி வீடு இருக்கும். கொப்புளம் பொருக்குத் தட்ட 7 முதல் 10 நாள் ஆகும், அதுவரை பிள்ளை அங்கே இருக்கட்டும் என்பது கணக்கு. ஆனால் கொப்புளம் கிளம்பிய இரவு பிள்ளை எங்கே படுத்திருந்தது? அதே கம்பளிக்குள், அம்மாவின் விலாவை ஒட்டி. அப்போதே தொற்றியிருந்தால் அம்மை வெளியே தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகலாம். பர்லியாறு மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கிய பிள்ளைக்குப் பாட்டி வீட்டில் வைத்து அம்மை போடும். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே காற்றிலும் பரவக்கூடியது. ஒரே வீட்டில் தடுப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் வரைக்கும் பிடிக்கும். அங்கே அம்மை வராத கர்ப்பிணி ஒருத்தி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் பாலும் நின்றுபோகும்.

வீட்டிலேயே வைத்துக்கொண்டு கொப்புளத்தை மூடிக் கட்டுவது இதைவிட எவ்வளவோ மேல். அக்கியிலிருந்து வைரஸ் பெரும்பாலும் கொப்புளத்து நீர் பட்டால்தான் தொற்றும். கொப்புளம் கிளம்புவதற்கு முன்னாலும் பரவாது, எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகும் பரவாது. அதனால் மூடுவதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

மலையில் அந்த மூடுவதுதான் பெரும்பாடு. ஐப்பசி மழையில் துவைத்த துணி அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டாலும் லேசில் காயாது. பழைய புடவைத் துணியை அலசி அலசிக் கட்டலாம் என்றால், ஈரத்துணியைப் புண்மேல் சுற்றியதாகத்தான் ஆகும். மருந்துக்கடையில் காஸ் துணி வாங்கி, தினமும் மாற்றி, கழற்றியதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவதே சரி. அதற்குமேல் பருத்தி ரவிக்கை, அப்புறம் ஸ்வெட்டர். கட்டு மாற்றியதும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனிப்படுக்கை என்பது பேச்சுக்குத்தான். ஆனால் தனிக் கம்பளி முடியும், பிள்ளை அப்பா பக்கம் படுக்கலாம். கொப்புளம் மார்பில் இல்லாவிட்டால் பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு மார்பில் இருந்தால், அது ஆறும்வரை மறுபக்கம் மட்டும்.

முகத்திலோ கையிலோ வந்தால் இந்த வழி தோற்றுவிடும், கட்டு நிற்காது. அப்போது மட்டும் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையை அப்பாவிடமோ பக்கத்து வீட்டிலோ விடுவதில் அர்த்தம் உண்டு. அதையும் மலையிலேயே செய்யலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

காவி குழைத்து அக்கி எழுதுவதையும் சொல்லாமல் விட முடியாது. எழுதும்போது குளுகுளுவென்று இருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறும் நோய் என்பதால், ஆற்றிய பெயர் அக்கி எழுதினவருக்குப் போகிறது. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. எழுதியது அழியக் கூடாதென்று துணி படாமல் திறந்து விட்டால், பிள்ளை கை வைக்க அதுவே வாசல். அதோடு, வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதப் போய்வருவதிலேயே அந்த நேரம் கரைந்துவிடுகிறது.

என் ஓட்டு, மூடிக் கட்டுவதோடு சேர்த்துப் பிள்ளைக்குச் சின்னம்மைத் தடுப்பூசி. 1964இல் மூன்று வயது மகன் சின்னம்மையில் துவண்டதைப் பார்த்த ஜப்பானிய வைரஸ் ஆய்வாளர் மிச்சியாகி தகாஹாஷி, 1974இல் உருவாக்கியது இது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்குப் போடலாம். தொற்றுக்கு ஆளான 3 நாளுக்குள் போட்டால்கூடப் பெரும்பாலும் காப்பாற்றும், 5 நாள் வரை பலன் உண்டு. இடைஞ்சல் பணம்தான். அரசின் இலவச அட்டவணையில் இது இல்லை. தனியாரிடம் ஒரு டோஸ் ஏறக்குறைய 2,000 ரூபாய், தேயிலை பறிப்பவரின் நாலைந்து நாள் கூலி. தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907 முதல் இருக்கும் குன்னூரில் இதற்குக் காசு தேட வேண்டியிருப்பது எனக்கு உறுத்தல்தான். இருந்தும் இன்னொரு டோஸும் பிறகு போட்டுவிட்டால் வருங்காலத்துக்கும் பாதுகாப்பு.

உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் புற்றுநோய் சிகிச்சையிலோ அதிக ஸ்டீராய்டிலோ இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு, அம்மாவிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்பொருள் முதல் சில மாதம் ஓரளவு துணை நிற்கும். ஏற்கெனவே அம்மை வந்துபோன பிள்ளை என்றால் கவலையில்லாமல் மடியில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் பிள்ளைக்குக் காய்ச்சலோடு கொப்புளம் வந்தால் எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூச்சு வாங்கினாலோ துவண்டு கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை அங்கன்வாடிக்கு அனுப்பாதீர்கள்.